தம்பி புக் பண்ணிய கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வெளிநாடு போனாலும் என் வேனில்தான் ஏர்போர்ட்டுக்குப் போவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பலாங்கொடை டவுனில் வேன் வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் யாரையாவது கூப்பிட்டால், தோட்டத்து ரோட்டைப் பார்த்ததும் முகம் மாறி, மேலே ஃபெக்டரி முடக்கு வளைவிலேயே நின்றுகொண்டு சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரச் சொல்வார்கள். நான் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்து வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துவேன். பெட்டியைத் தூக்கி மேலே கட்டுவதும் நான்தான். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்துவிடுவதும் நான்தான்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்கள் ஆட்களில் ஒருவர் விமானம் ஏறினால், வேன் நிறைய ஆள் வழியனுப்பப் போகும். சொந்தக்காரர்கள் பாதி, "சும்மா ஏர்போட் பாக்க வாரேன்" என்று ஏறிக்கொள்பவர்கள் பாதி. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். புளிச்சோற்றுப் பார்சல் வரும், முறுக்கு வரும், வழியில் பாட்டுப் போடச் சொல்லிச் சண்டை வரும். முன்சீட்டில் யார் உட்காருவது என்று அதைவிடப் பெரிய சண்டை வரும். அதில் தீர்ப்புச் சொல்கிறவனும் நான்தான். ஓட்டுகிறவன் சொன்னால் சொன்னதுதான்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, என் கூடப் பிறந்த தம்பி, லீவு முடிகிற வாரத்தில் ஒரு சேதி சொன்னான்.

அவன் டுபாயில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவான். முதல் தடவை போனதிலிருந்து அவனைக் கொண்டுபோய் விட்டதும் கூட்டி வந்ததும் என் வேன்தான். இந்தத் தடவை வந்து இறங்கியதும் என் வேனில்தான். எங்கள் பக்கம் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பாலத்துக் கட்டு. அதில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவன், நான் வேனைத் திருப்பி நிறுத்தியதும் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்த தடவ போறதுக்கு நான் ஒரு கார் புக் பண்ணிட்டேன்."

"என்ன கார்?"

"ஏர்போட்டுக்குத்தான். டிரைவரோட வரும். லயத்துல ஏத்தி நேரா அங்க எறக்கிருவாங்க."

"ஏன், என் வேனுக்கு என்ன கொள்ளை வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே. லீவுல வந்தவன்தானே நானும். வெள்ளைக்காரன் மாதிரி ஒரு நாளைக்கு ஏசி கார்ல போய்ப் பாக்குறேனே."

சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் சிரித்தேன். "போ, போ, நல்லாப் போ" என்றேன். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். அதைச் சொல்லிக்கொண்டிருந்த என் வாய்க்கே அது திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் வந்தால் அங்கே அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தம்பி போனில் எடுத்து வைத்திருந்த அந்தக் காரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்குப் பக்கத்தில் டிரைவரின் முகமும் இருந்தது. முகத்துக்குக் கீழே நட்சத்திரங்கள். இத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், எனக்கு யாரும் ஒரு நட்சத்திரம் போட்டதில்லை.

"வெள்ள வெளேர்னு எப்பிடி இருக்கு பாரு" என்றாள் அம்மா.

"என் வேனும் வெள்ளைதாம்மா."

"அது ஒரு காலத்துல."

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. "ஒரு நாளைக்குத்தானே, விடுங்களேன்" என்றாள். அவள் அப்படிச் சாதாரணமாகச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. எனக்காக அவளாவது கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் வேனைப் பீலிக்கரையில் நிறுத்தி வைத்துக் கழுவினேன். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள், "என்ன, நாளைக்கு எத்தன மணிக்கு எடுக்குறீங்க? நாங்களும் வாரோம்ல" என்று கேட்டார்கள். கார் வருகிற கதையைச் சொல்லிவிட்டு, "எல்லாம் பெரிய எடத்துக்காரங்களா ஆயிட்டாங்க" என்றேன். "அப்ப நாங்க எதுல வாரது?" என்று அவர்கள் கோபப்பட்டது எனக்கு ரொம்ப இதமாக இருந்தது.

மறுநாள் காலையில் கார் வரவில்லை.

வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போய்விட்டார்கள். பெட்டி வாசலில் கட்டி வைத்தபடி நிற்கிறது. அம்மா நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பாலத்துக் கட்டுக்கும் லயத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறான். எனக்கோ மனசுக்குள் திருவிழாத் தப்புச் சத்தம். சாரமும் பனியனுமாக நின்றவன், யாரும் கேட்காமலே போய் வேனை ஸ்டார்ட் பண்ணி இஞ்சினைச் சூடாக்கினேன். முன்சீட்டை ஒருமுறை துடைத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது, எனக்குச் சந்தோசம் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் தம்பி ஓடி வந்தான். கார் வந்துவிட்டதாம், ஆனால் மேலே பங்களா கேட்டில் நிற்கிறதாம்.

நடந்தது இதுதான். போனில் புக் பண்ணும்போது எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. லீவில் வந்து ஏர்போர்ட் கார் கேட்கிறவன் ஹோட்டலில்தான் இருப்பான் என்பது அவர்கள் கணக்கு. வீட்டு நம்பர், தெரு என்று போடலாம் என்றால் லயத்துக்கு ஏது தெரு? எங்களுக்கு வருகிற கடிதமே தோட்டத்து ஆபிஸுக்குத்தான் வரும். எதையாவது போடாமல் அது அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. தம்பி பார்த்தான், பழைய துரை பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டலாகத்தானே இருக்கிறது, அந்தப் பெயரைத் தட்டிவிட்டான். டிரைவர் வந்ததும் போனில் வழி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். பங்களாவில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதை டுபாய்க்காரன் மறந்துவிட்டான். கேட்டில் நின்ற வாச்சர், "அப்பிடி ஒரு ஆள் இங்க தங்கல" என்று காரை உள்ளேயே விடவில்லையாம்.

"பெரியவனே, நீ போய் அந்தக் காரக் கூட்டிட்டு வா" என்றாள் அம்மா.

என்னையா அனுப்புவது என்று கேட்க வாயெடுத்தேன். தம்பியின் முகம் அழுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

பங்களா கேட்டில் அந்தக் கார் நின்றது. படத்தில் பார்த்ததைவிட வெள்ளையாக இருந்தது. டிரைவர் சிங்களப் பையன், தம்பி வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான சப்பாத்து. கையில் தம்பியின் பெயரை இங்கிலீஷில் அச்சடித்த அட்டையைப் பிடித்துக்கொண்டு வாச்சரோடு பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "அய்யே" என்று அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு கூப்பிட்டான். திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பின்னாலேயே வா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வேனைத் திருப்பினேன். என் இடத்தைப் பிடிக்க வந்தவனுக்கு நானே வழி காட்டிக்கொண்டு முன்னால் போகிறேன் என்று நினைக்க நினைக்க ஆற்றாமை தாங்கவில்லை.

லயத்துக்கு இறங்குகிற முடக்கில் ரோட்டின் நடுவே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். தாழ்ந்த கார் அதைத் தெரியாமல் தாண்டினால் அடி கிழிந்துவிடும். அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவன் காரை நிறுத்தி, இறங்கி, குனிந்து பாறையைப் பார்த்தான். பிறகு ஏறி இடது பக்கத்து டயரைத் தண்ணீர் ஓடுகிற கானுக் கட்டின் மேல் ஏற்றி, தேய்க்காமல் கொள்ளாமல் இறக்கிக் கொண்டுவந்துவிட்டான். நானாக இருந்தாலும் அப்படித்தான் இறக்கியிருப்பேன். படுபாவிக்கு ஓட்டவும் தெரிந்திருந்தது.

வாசலில் கார் நின்றதும் அக்கம்பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். இத்தனை வருடமும் என் வேனுக்கு வைத்த எலுமிச்சை. டிரைவர் பையன் வேண்டாம் என்பான் என்று பார்த்தேன். அவனோ குனிந்து, அம்மா சரியாக வைக்காத ஒன்றை எடுத்து நேராக வைத்தான்.

நான் வேன் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றேன். அப்போது தம்பி காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே" என்றான்.

"நானா?"

"பின்ன? அம்மா முன்னுக்கு. பின்னுக்கு அண்ணி, நீங்க, நான்."

சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே வந்திருக்கவில்லை. ஓட்டாமல் நான் ஏர்போர்ட்டுக்குப் போனதில்லை. ஓட்டுவதற்கு வண்டி இல்லை என்றால் எனக்கு அங்கே என்ன வேலை? திரும்பிப் பார்த்தால் என் மனைவி இஸ்திரி போட்ட என் சட்டையோடும் காற்சட்டையோடும் வீட்டிலிருந்து வருகிறாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"புக் பண்ண அன்னைக்கே. சொன்னா வர மாட்டேன்னு நிப்பீங்கன்னு தம்பி சொல்ல வேணான்னாரு."

வர மாட்டேன் என்று நின்றிருப்பேன் என்பது உண்மைதான். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசி வைத்திருந்தார்களே, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கோபத்தோடேயே சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

பின்சீட்டில் உட்காருவது ஒரு தண்டனை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முடக்கிலும் என் கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. அவன் ஹோர்ன் அடிக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் தானாக அழுந்தியது. அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஹெமின் யன்ன புத்தே" என்று அவனை மெதுவாகப் போகச் சொன்னாள். புத்தே. நான் ஓட்டும்போது என்னை மகனே என்று ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளா? "பாத்து ஓட்டுடா" என்பதுதான் எனக்குக் கிடைத்தது. "பய வென்ன எபா அம்மே" என்று அவன் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

ஓப்பநாயக்க வந்ததும் நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேனில் அந்த இடம் வந்தால் அம்மா தவறாமல் வாந்தி எடுப்பாள். மனைவி பையைக் கூடத் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஓப்பநாயக்க போனது, பெல்மதுளையும் போனது. அம்மா வாந்தி எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற தாய் வாந்தி எடுக்காததற்கு மனம் நொந்த பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"அண்ணே, பிரேக்க மிதிச்சது போதும். அந்தாளு ஓட்டுவாரு" என்று தம்பி என் முழங்காலில் கையை வைத்தான்.

"எதுக்குடா இந்த வேல ஒனக்கு?"

"நீங்க ஓட்டுனா என்கூட எங்கண்ணே பேசுவீங்க? ரோட்டோடல்ல பேசுவீங்க."

இரத்தினபுரி தாண்டி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் மூடியிருந்ததால் அவன் மெதுவாகப் பேசியதும் கேட்டது. அங்கே வெங்காயம் உரிப்பதைப் பற்றிச் சொன்னான், குளிர் அறைக்குள் போய்வந்தால் காது அடைப்பதைப் பற்றிச் சொன்னான், உள்ளங்கையில் கத்தி வெட்டிய தழும்பைக் காட்டினான். மூன்று வருடத்துக்கு முந்திய காயமாம். எனக்கு இப்போதுதான் தெரியும். போன லீவில் வந்தபோதும் அந்தக் கையோடுதானே என் வேனில் உட்கார்ந்திருந்தான். பிறகு அங்கே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்து ஆளாம். இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவராம்.

"நல்ல மனுசன். அவர நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன்" என்றான்.

"ஓஹோ" என்றேன்.

அதற்குப் பிறகு அவிசாவளை வரும்வரை, காரை ஓட்டுகிறவனை மறந்துவிட்டு, எங்கேயோ பாலைவனத்தில் கஞ்சி வைக்கிற ஒருவன்மேல் பொருமிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்னால் என்ன செய்திருக்க முடியும்? அதுதான் இன்னும் எரிந்தது. தம்பி என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பேச்ச காணோம்?" என்றான். "ஒண்ணுமில்ல, நீ பேசு" என்றேன். அவன் பேசினான். ஹைவேயில் ஏறிய பிறகும் பேசிக்கொண்டே வந்தான். நேராக ஓடுகிற ரோட்டில் எனக்கும் காலை மிதிக்கிற வேலை குறைந்துவிட்டதால், நானும் கொஞ்சம் பேசினேன்.

கட்டுநாயக்கவில் ஆட்களை இறக்குகிற இடத்தில் நான் எப்போதும் செய்கிற வேலை ஒன்று உண்டு. வேனை நிறுத்துவேன், பெட்டிகளைத் தள்ளி இறக்குவேன், பொலிஸ்காரன் விசிலடிப்பான். தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போய் எறங்குனதும் கோல் எடு" என்று சொல்லிவிட்டு ஏறி ஓட்டுவேன். தூரத்தில் இடம் தேடி நிறுத்திவிட்டு நான் நடந்து வருவதற்குள், இவர்கள் எல்லோரும் அவனை அனுப்பிவிட்டு எதிரே வருவார்கள். இந்தத் தடவை பெட்டியை அந்தப் பையன் இறக்கினான். விசில் அவனுக்கு ஊதப்பட்டது. அவன் காரை எடுத்துக்கொண்டு போக, நான் நடைபாதையில் நின்றேன். எனக்கு அது புதுசு.

தம்பி பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க, நாங்கள் கூடப் போனோம். டிக்கெட் இருக்கிறவர்களை மட்டும் உள்ளே விடுகிற வாசல் வந்தது. அவன் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் கோணியது. பிறகு அழ ஆரம்பித்தான். கண் கலங்குவது மாதிரி இல்லை. சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, சத்தமாக, தோள் குலுங்க, வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. என்னவோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவன்தானே. என் வேனில் வந்த நாட்களிலெல்லாம் கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டுதான் இருப்பான்.

"என்னடா? என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, இப்பச் சரியாயிரும்" என்றாள். மனைவி அதற்குள் கைப்பையிலிருந்து மடித்து வைத்த கைக்குட்டை ஒன்றை எடுத்துவிட்டாள். இரண்டு பேரிடமும் ஒரு பதற்றமும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் இறக்கி வைக்கிற மாதிரி அவரவர் வேலையைச் செய்தார்கள்.

"எப்பவும் இப்பிடித்தானா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எப்பவும் இப்பிடித்தான். மொத தடவ போனதுலயிருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வேன நடு ரோட்டுல போட்டுட்டு ஓடி வருவீங்கன்னு தம்பிதான் சொல்ல விடல. ஆனா உள்ள போகாம, நீங்க வாரீங்களான்னு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பாரு. நேரமாயிரும், போயிருவாரு."

சொல்லிவிட்டு அவள் கைக்குட்டையோடு அவன் முகத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். பழகிய கை. எத்தனையோ தடவை துடைத்த கை. அம்மாவும் இதைப் பார்த்திருக்கிறாள். சும்மா ஏர்போர்ட் பார்க்க வந்த பக்கத்து லயத்துக்காரர்கள்கூடப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, இதைப் பார்க்க இறக்கிவிட்டுவிட்டு, நான் போய்ப் பார்க்கிங் தேடியிருக்கிறேன். வெள்ளைக் கார்க்காரனையும் கஞ்சிக்காரனையும் நான் அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன். என் பெண்டாட்டியை மன்னிக்க முடியவில்லை.

"கொண்டா இங்க" என்று அவள் கையிலிருந்து கைக்குட்டையைப் பிடுங்கினேன். தம்பியின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேன் கண்ணாடியைத் துடைக்கிற பழக்கத்தில் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடியும் நனைந்தது. நான் விடவில்லை.

"மெதுவாண்ணே" என்றான் அழுகைக்கு நடுவில், "வலிக்குது."